கலிஃபோர்னியா நடுநிலைப் பள்ளியில் மாநிலத் தேர்வு: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்திருக்கும் பெற்றோர், ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. 'உங்கள் பெண்ணுக்கு எத்தனை?' என்பதில் பேச்சு தொடங்கும். எந்தப் பேட்டையில் வீடு வாங்கலாம் என்பதில் போய் முடியும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே.

இது என்ன தேர்வு? யார் நடத்தச் சொல்கிறார்கள்?

அடிப்படை மத்திய அரசின் சட்டம். 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம், மூன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கவேண்டும் என்றது. 2015இல் ஒபாமா காலத்தில் வந்த புதிய சட்டம் பழையதன் தண்டனைகளைப் பெருமளவு தளர்த்தியது, தேர்வை மட்டும் விட்டுவைத்தது. எந்தத் தேர்வு என்பதை மாநிலம் முடிவு செய்துகொள்ளலாம். கலிஃபோர்னியா 2015 வசந்தத்திலிருந்து, பல மாநிலங்கள் கூடி உருவாக்கிய 'ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு' தேர்வை நடத்துகிறது. மாநிலத்தின் மொத்தத் தேர்வுத் திட்டத்துக்குப் பெயர் 'காஸ்ப்'. பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சலில் இந்த இரண்டு பெயர்களும் மாறி மாறி வரும். இரண்டும் ஒன்றைத்தான் குறிக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் கணிதமும். எட்டாம் வகுப்பில் இவற்றோடு அறிவியலும் சேரும். அந்த அறிவியல் தேர்வில் மூன்று ஆண்டுப் பாடமும் கேட்கப்படும்.

பாஸ், ஃபெயில் உண்டா?

கிடையாது. வகுப்பு மதிப்பெண்ணிலும் சேராது. இதை வைத்து யாரையும் அதே வகுப்பில் உட்காரவைக்க மாட்டார்கள்.

தேர்வு எப்படி நடக்கும்? மகன் 'மிகவும் கடினமாக இருந்தது' என்று வாடிய முகத்தோடு வந்தான்.

அது கெட்ட செய்தி இல்லை. தேர்வின் பெரும்பகுதி கணினியில், பிள்ளையின் பதிலுக்கு ஏற்ப மாறும் வகையில் நடக்கிறது. சரியான விடை அளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். நன்றாகச் செய்கிற பிள்ளைக்குக் கேள்விகள் ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் மூச்சு முட்டும். பக்கத்தில் இருந்த தோழன் 'எளிதாக இருந்தது' என்று சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு, அதை நாம் ஆராயவேண்டாம்.

இதைத் தவிர 'செய்முறைப் பணி' என்று ஒரு பகுதி உண்டு. ஆங்கிலத்தில் ஒரே பொருளைப் பற்றிய சில கட்டுரைகளைப் படித்து, அவற்றிலிருந்து சான்று எடுத்து முழுக் கட்டுரை எழுதவேண்டும். கணிதத்தில் ஒரே சூழலை வைத்துத் தொடர்கேள்விகள் வரும். நேரக் கட்டுப்பாடு இல்லை. இந்தியாவில் மணியடிக்கும்வரை எழுதிப் பழகிய நமக்கு இது நம்புவதற்குக் கடினம். 'சீக்கிரம் முடி' என்று வீட்டில் பழக்கிய வேகம் இங்கே எதிராகத்தான் வேலை செய்யும். முதல் ஆளாக முடித்துவிட்டு நாவல் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் நன்றாகவே அறிவார்கள்.

கணிதத்தில் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும், ஆனால் எல்லாக் கேள்விக்கும் இல்லை. ஆறாம் வகுப்பில் சாதாரணக் கால்குலேட்டர், ஏழு, எட்டில் அறிவியல் கால்குலேட்டர்.

மதிப்பெண் 2570 என்று வந்திருக்கிறது. எத்தனைக்கு 2570?

எத்தனைக்கும் இல்லை. நம் ஊர் வழக்கில் 100க்கு இவ்வளவு, 500க்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஒன்றும் பிடிபடாது. மூன்றாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்புவரை ஒரே அளவுகோல். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 2200இலிருந்து 2800 வரை எண்கள் அமையும். அந்த அளவுகோலில் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று கோடுகள் கிழித்து நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் நிலையைத் தொட்டால் அந்த வகுப்புக்குரிய தரத்தை எட்டியதாகக் கொள்வார்கள். நிலைகளின் பெயர்களை 2025இல் மாநிலக் கல்வி வாரியம் மாற்றியது. மேலிருந்து கீழாக இப்போது அட்வான்ஸ்டு, புரொஃபிஷியன்ட், டெவலப்பிங், மினிமல். பெயர்தான் மாறியது, கோடுகள் அங்கேயேதான் இருக்கின்றன.

கணிதத்தில் மூன்றாம் நிலையின் தொடக்கம்: ஆறாம் வகுப்பில் 2552, ஏழில் 2567, எட்டில் 2586. நான்காம் நிலை முறையே 2610, 2635, 2653. ஆங்கிலத்தில் மூன்றாம் நிலை 2531, 2552, 2567. நான்காம் நிலை 2618, 2649, 2668.

ஆக, கணிதத்தில் 2570 எடுத்த பிள்ளை ஆறாம் வகுப்பு என்றால் தாராளமாகத் தேறியிருக்கிறது. ஏழாம் வகுப்பு என்றால் கோட்டை ஒட்டி நிற்கிறது. எட்டாம் வகுப்பு என்றால் கோட்டுக்குக் கீழே. வகுப்பைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரிடம் ஒப்பிடப் போகாதீர்கள்.

போன ஆண்டு நான்காம் நிலை, இந்த ஆண்டு மூன்றாம் நிலை. படிப்பு சரிந்துவிட்டதா?

அதிகம் வரும் கேள்வி இது, அதிகம் திட்டு வாங்குவதும் இந்தப் பிள்ளைகள்தான். ஒரு பெண் ஆறாம் வகுப்பில் கணிதத்தில் 2615 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2610ஐத் தாண்டியதால் நான்காம் நிலை. ஏழாம் வகுப்பில் 2630 எடுக்கிறாள். அளவுகோல் ஒன்றே என்பதால் அவள் 15 புள்ளி முன்னேறியிருக்கிறாள். ஆனால் கோடு 2635க்கு ஏறிவிட்டது. தாளில் மூன்றாம் நிலை என்று அச்சாகும். வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆறிலிருந்து ஏழுக்கு நான்காம் நிலைக்கோடு 25 புள்ளி ஏறுகிறது. ஏழிலிருந்து எட்டுக்கு 18. பிள்ளை அதற்கு ஈடாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. அந்தப் பெண்ணுக்கு 10 புள்ளி குறைந்தது. அது கவலைப்படும் அளவா? இல்லை. எந்தத் தேர்வுக்கும் பிழை எல்லை ஒன்று உண்டு. அதே பிள்ளை அடுத்த வாரம் வேறு கேள்விகளோடு எழுதினால் இருபது முப்பது புள்ளி முன்பின் ஆவது இயல்பு. அதற்குள் விழுகிற வித்தியாசத்துக்குப் பொருள் கற்பிப்பதைவிட, அன்று காலை பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்பது பயனுள்ளது. மூன்று ஆண்டு எண்களை வரிசையாக எழுதிப் பார்த்து, கோட்டுக்கும் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போனால், அப்போது ஆசிரியரைப் பாருங்கள்.

வகுப்பில் கணிதத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கு, மாநிலத் தேர்வில் மட்டும் ஏன் குறைவு?

கணித மதிப்பெண் மூன்று பகுதிகளிலிருந்து வருகிறது: கருத்தும் கணக்கிடும் முறையும் ஒன்று, சிக்கலைத் தீர்ப்பதும் தரவுகளைப் பயன்படுத்துவதும் ஒன்று, காரணத்தை விளக்குவது ஒன்று. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் முதல் பகுதியில் பறப்பார்கள், மூன்றாவதில் தடுக்கி விழுவார்கள். வாய்ப்பாடும் பயிற்சித் தாள்களும் வளர்ப்பது முதல் பகுதியைத்தான்.

எடுத்துக்காட்டாக நானே எழுதிய ஒரு கேள்வி: 'எந்த நேர்ம எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் விடை அந்த எண்ணைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்கிறான் ஒரு மாணவன். அவன் சொல்வது பொய் என்று காட்டும் எண் ஒன்றைத் தருக. எந்த எண்களுக்கு அவன் சொல்வது உண்மையாகும்?' அரையை அரையால் பெருக்கினால் கால். ஒன்றுக்குக்கூட விடை பெரிதாவதில்லை. ஒன்றைவிடப் பெரிய எண்களுக்கே அவன் கூற்று பொருந்தும். கணக்கிடுவதற்கு இதில் எதுவுமில்லை. 3, 5, 12 என்று முழு எண்களையே போட்டுப் பார்த்து 'சரிதான்' என்று நகர்ந்துவிடும் பிள்ளைக்கு இங்கே புள்ளி போகும். 'பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கவும்' என்ற கேள்விகளிலும் இதே கதை: முதல் சரியான விடையைக் கண்டதும் கை அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

மருந்து ஒன்றுதான். விடை சொன்னதும் 'ஏன்?' என்று கேளுங்கள். பிள்ளைக்கு எரிச்சல் வரும், பரவாயில்லை.

தனிப் பயிற்சிக்கு அனுப்பவேண்டுமா?

இந்தத் தேர்வுக்கென்று அனுப்புவது பணவிரயம். காஸ்ப் இணையதளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. விருந்தினராக உள்ளே போகலாம், கணக்குத் தொடங்கவேண்டாம். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ஒருமுறை செய்து பார்த்தால் போதும். பின்னத்தை எங்கே தட்டுவது, கோட்டை எப்படி இழுப்பது, இடப்பக்கக் கட்டுரையை எப்படிப் பெரிதாக்குவது என்பதெல்லாம் பழகிவிடும். தேர்வன்று பிள்ளை பாடத்தோடு மட்டும் மல்லுக்கு நிற்கலாம்.

இந்த மதிப்பெண் ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதம் கிடைக்கும் என்பதை முடிவு செய்யுமா?

பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) அதுவும் ஒரு காரணி. அது மட்டுமே முடிவு செய்யக்கூடாது. 2015இல் கலிஃபோர்னியா கணித இடமளிப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவரை எந்தக் கணித வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு எழுத்து வடிவில் வெளிப்படையான கொள்கை வேண்டும், பல அளவீடுகளைப் பார்க்கவேண்டும், பெற்றோர் கேள்வி எழுப்ப வழி இருக்கவேண்டும் என்கிறது அது. உங்கள் மாவட்டத்தின் கொள்கை அதன் இணையதளத்தில் இருக்கும். அதை ஏழாம் வகுப்பிலேயே படித்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு முடிந்து ஜூனில் போய் நின்றால் வகுப்பு அட்டவணை தயாராகியிருக்கும்.

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்கவைப்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். சான் ஃபிரான்சிஸ்கோ 2014இல் அதை நடுநிலைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டது. பத்தாண்டு சண்டைக்குப் பிறகு 2024 மார்ச்சில், அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் ஆலோசனைத் தீர்மானத்துக்கு வாக்காளர்கள் ஆதரவளித்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவோ ஜியாமெட்ரியோ படிக்கும் பிள்ளையும் எழுதுவது எட்டாம் வகுப்புத் தேர்வையே. ஓராண்டு முன்பு படித்து மறந்த பாடம் அதில் வரும். முன்னேறிய வகுப்பில் இருப்பவன் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

சேர்க்கையின்போது வீட்டுமொழி 'தமிழ்' என்று எழுதினோம். இப்போது பிள்ளைக்குத் தனியாக ஆங்கிலத் தேர்வு வைக்கிறார்கள். தவறு செய்துவிட்டோமா?

தவறில்லை, உண்மையைத்தானே எழுதினீர்கள்.

சேர்க்கைப் படிவத்தில் நான்கு கேள்விகள் இருக்கும். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி எது, பிள்ளையிடம் பெற்றோர் அதிகம் பேசும் மொழி எது, வீட்டுப் பெரியவர்கள் அதிகம் பேசும் மொழி எது. முதல் மூன்றில் ஒன்றுக்கேனும் ஆங்கிலம் அல்லாத மொழியை எழுதினால், 30 நாட்களுக்குள் 'எல்பேக்' என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் தொடக்கநிலைத் தேர்வை நடத்தவேண்டும். 150 முதல் 600 வரையிலான அளவில் 450ஐத் தொட்டால் 'ஆங்கிலம் சரளம்' என்று பதிந்து கதை முடிந்தது. அதற்குக் கீழே என்றால் 'ஆங்கிலம் கற்பவர்'. அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும், அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறும்வரை, எல்பேக் எழுதவேண்டும். மாநிலத் தேர்விலிருந்து பெற்றோர் கடிதம் கொடுத்து விலக்குப் பெறலாம், எல்பேக்கிலிருந்து பெற முடியாது.

'எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் என்று எழுதிவிடு' என்று நண்பர்கள் சொல்லிக்கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் உண்மையிலேயே உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும். தேவைப்படாத பிள்ளைக்கு ஒரு தேர்வு, அவ்வளவுதான். எழுதியதைப் பின்னால் திருத்தலாம் என்றாலும், தொடக்கநிலைத் தேர்வு முடிந்து வகைப்படுத்திவிட்டால் படிவத்தை மாற்றுவதால் வகை மாறாது.

நடுநிலைப் பள்ளியில் இது ஏன் அவசரமாகிறது என்றால், மழலையர் வகுப்பில் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் 'கற்பவர்' பட்டியலில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்பிலும் அதிலேயே இருக்கலாம். ஆங்கிலத்தில் கவிதை எழுதும் பிள்ளையாகவும் இருக்கலாம். பட்டியலில் இருக்கும்வரை ஆங்கில வளர்ச்சி வகுப்பு தரப்படவேண்டும். ஆறாம் வகுப்பு அட்டவணையில் அதற்கு இடம் பிடிக்கப்போவது பெரும்பாலும் பிள்ளை ஆசைப்பட்ட இசையோ ஓவியமோதான்.

வெளியேற நான்கு அளவுகோல்கள்: எல்பேக்கில் மொத்தமாக நான்காம் நிலை, ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, அடிப்படைத் திறனில் அதே வயது ஆங்கிலப் பிள்ளைகளோடு ஒப்பீடு. நான்காவதற்குப் பல மாவட்டங்கள் மாநில ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பாஸ், ஃபெயில் கிடையாது என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு இது. பட்டியலில் இருக்கும் பிள்ளையிடம் 'இது முக்கியமில்லை' என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

எல்பேக்கின் நான்கு பகுதிகளில் பேச்சும் ஒன்று. தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து கேட்பார். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் மதிப்பெண் வராது. 'முழு வாக்கியமாகச் சொல், காரணத்தோடு சொல்' என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வீட்டில் தமிழை நிறுத்தவேண்டியதில்லை. அதைச் செய்யச் சொல்லும் எந்த விதியும் இல்லை.

சென்னையிலிருந்து ஜனவரியில்தான் வந்தோம். இந்த வசந்தத்திலேயே எழுதவேண்டுமா?

பிள்ளை 'ஆங்கிலம் கற்பவர்' பட்டியலில் இருந்து, அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து 12 மாதம் ஆகவில்லை என்றால் ஆங்கிலத் தேர்விலிருந்து ஒருமுறை விலக்கு உண்டு. கணிதம் எழுதவேண்டும். ஆங்கிலம் சரளம் என்று பதிவானால் இரண்டும் உண்டு. கணிதத் தேர்வில் கடினச் சொற்களுக்குப் பொருள் தரும் வசதி சில மொழிகளில் இருக்கிறது. பஞ்சாபி அதில் உண்டு, தமிழ் இல்லை.

பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்கலாமா?

ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ, சான் ரமோன், அர்வைன் பக்கம் வீடு தேடியவர்களுக்குத் தெரியும்: வீட்டின் படத்துக்குக் கீழே பள்ளிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் பெரும்பங்கு இந்தத் தேர்விலிருந்து வருகிறது. ஒரு புள்ளி கூடினால் விலை எங்கே போகிறது என்று தரகர் சொல்லாமலே தெரியும்.

பள்ளியின் சராசரி எதைக் காட்டுகிறது? அந்தப் பேட்டையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை முதலில் காட்டுகிறது, ஆசிரியர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை வெகு தூரம் தள்ளித்தான். காஸ்பின் பொதுத்தளத்தில் பெற்றோரின் படிப்பு வாரியாக முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வழியிருக்கிறது. பட்டமேற்படிப்பு படித்த பெற்றோரின் பிள்ளைகள் என்ற வரிசையை மட்டும் எடுத்து, பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளியையும் ஏழு வாங்கிய பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தச் சராசரியில் கண்ட இடைவெளி பல இடங்களில் சுருங்கிப்போகும். பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் எழுதிய பிரிவு என்றால் எண் இருக்காது, நட்சத்திரக் குறிதான் இருக்கும்.

மாநில நிலவரமும் தெரிந்திருக்கட்டும். 2019இல் ஆங்கிலத்தில் 51.1, கணிதத்தில் 39.7 விழுக்காட்டினர் தரத்தை எட்டினார்கள். 2020 வசந்தத்தில் கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. 2022இல் 47.1, 33.4 என்று இறங்கியது. 2025இல் 48.8, 37.3. 'எங்கள் பள்ளியில் கணிதம் வெறும் 60 விழுக்காடு' என்று தலையில் கைவைப்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

விழுக்காட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணிதத்தில் 2585 எடுத்தவரும் 2400 எடுத்தவரும் அதில் ஒன்றே, இருவரும் எட்டாதவர்கள். மாநிலத்தின் 'டாஷ்போர்டு' தளம் இதைச் சற்றுச் சரிசெய்கிறது. ஒவ்வொரு மாணவரும் மூன்றாம் நிலைக்கோட்டிலிருந்து எத்தனை புள்ளி மேலே, எத்தனை கீழே என்று பார்த்துச் சராசரி எடுக்கிறது. ஒருவர் 2600 (14 மேலே), இன்னொருவர் 2540 (46 கீழே) என்றால் சராசரி 16 கீழே. இந்த ஆண்டின் நிலையையும் போன ஆண்டிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தையும் சேர்த்துச் சிவப்பு முதல் நீலம்வரை ஐந்து நிறங்களில் ஒன்றைத் தருவார்கள். நான் வீடு தேடினால் நிறத்தைவிட இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன்: அதே தளத்தில் உள்ள நீண்டகால விடுப்பு விகிதம், ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு அங்கேயே நிலைக்கிறார்கள் என்பது. இரண்டாவதற்குத் தளம் வேண்டாம், அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

என் பிள்ளைக்கு இந்தத் தேர்வே வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். மாநிலக் கல்விச் சட்டத்தின் 60615ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆண்டுதோறும் எழுத்தில் கொடுக்கவேண்டும். மேலே சொன்ன கணித இடமளிப்பும் 'ஆங்கிலம் கற்பவர்' பட்டியலும் தவிரப் பிள்ளைக்குப் பாதிப்பு இல்லை, பள்ளிக்கு உண்டு. எழுதியவர்கள் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால், குறைகிற எண்ணிக்கைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டுச் சராசரியைக் கணக்கிடுவார்கள்.

சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு?

திட்ட ஆவணத்தில் எழுதியிருக்கும் வசதிகள் தேர்விலும் கிடைக்கவேண்டும். ஆவணத்தில் இல்லாததைத் தேர்வன்று கேட்டால் கிடைக்காமல் போகலாம். ஆண்டுக் கூட்டத்திலேயே எழுதிவாங்குங்கள்.

கல்லூரிக்கும் தனியார் உயர்நிலைப் பள்ளிக்கும் இது உதவுமா?

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளும் பிற தனியார் பள்ளிகளும் எட்டாம் வகுப்பில் தங்களுக்கென வேறு நுழைவுத் தேர்வு வைக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வைக் கைவிட்ட பிறகு, அதன் இடத்தில் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டைக் கொண்டுவரலாமா என்று ஆராய்ந்து 2021இல் வேண்டாம் என்று முடிவுசெய்தது. அதுவும் பதினொன்றாம் வகுப்புத் தேர்வைப் பற்றிய பேச்சுதான். நடுநிலைப் பள்ளி எண்களை எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை.

மதிப்பெண் தாள் இன்னும் வரவில்லை. யாரைக் கேட்பது?

பெரும்பாலான மாவட்டங்கள் அஞ்சலில் அனுப்புவதை நிறுத்திவிட்டன. வருகைப் பதிவும் வகுப்பு மதிப்பெண்ணும் பார்க்கும் அதே பெற்றோர் தளத்தில், ஆவணங்கள் பகுதியில், கோடையிலேயே ஏற்றிவிடுவார்கள். ஆறாம் வகுப்புக்குப் போகும்போது மாவட்டம் மாறியிருந்தால் ஐந்தாம் வகுப்புத் தாள் பழைய மாவட்டத்தின் தளத்தில்தான் இருக்கும். அந்தக் கணக்கு மூடப்படுவதற்கு முன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாரியான பொது முடிவுகள் அக்டோபர் வாக்கில் வரும். உங்கள் பிள்ளையின் எண்ணுக்காக அதுவரை காத்திருக்கவேண்டாம், ஆகஸ்டில் பள்ளி அலுவலகத்தைக் கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.